உன் கெப்பின் பின்னால் நான் பூட்டிய விளக்கு

மகனே,

அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும். என்மேலும் கொஞ்சம் உண்டாகட்டும், இன்றைக்கு எனக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து அறையில் நீ கூடப் பிறந்த ராத்தாவோடு சிரித்துக் கதைக்கிற சத்தம் காதில் விழ விழ, உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வாயால் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை தேத்தண்ணீர் குடிக்கும்போது. சீனி போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டாம் முறை பள்ளியில் தொழுதுவிட்டு நடந்து வரும்போது. மழை வரும் போலிருக்கிறது என்றேன், வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. மூன்றாம் முறை பந்தல்காரன் வந்து காப்பாற்றிவிட்டான். நாளை மறுநாள் உன் நிக்காஹ். அதோடு நீ வரிப்பத்தான்சேனைக்குப் பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். மற்ற ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் அழுவார்களாம்; நம் பக்கத்தில் ஆணைப் பெற்றவனும் மூக்கைச் சிந்த வேண்டியிருக்கிறது. நீ போவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும்.

விசயம் நீ அரிசி ஏற்றுகிற உன் கெப் வண்டியைப் பற்றியது. அதன் பின்கதவுக்குக் கீழே நான் பொருத்திப் பூட்டிய அந்த நீளமான எல்.இ.டி. விளக்கைப் பற்றியது. போன மாரி மழையில் காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையில் உன் வாகனத்தில் மோதி விழுந்தாரே, கடல் தொழில் செய்கிற பாண்டிருப்பு யோகன், அவரைப் பற்றியது. அந்த மோதலில் பிழை யோகனுடையது என்று நீயும் ஊரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னுடைய பிழை. கடிதத்தைக் கசக்காமல் முழுவதையும் வாசி, உன் காலைப் பிடித்துக் கேட்காத குறையாகக் கேட்கிறேன்.

நான் பயந்தவன் என்பது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். உன் உம்மா என்னைக் கட்டிய முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். கதவைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பப் போகிற ஆள் நான். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவன், அதற்குப் பிறகு உன்னைக் கடற்கரை மணலில்கூட இறங்க விடவில்லை. அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் வளர்ந்துவிட்டு நீந்தத் தெரியாத ஒரு பிள்ளை நிந்தவூரில் உண்டென்றால் அது நீதான். கூட்டாளிமார் உன்னைக் கேலி செய்ததும், நீ அதை என்னிடம் சொல்லாமல் விழுங்கியதும் எனக்குத் தெரியும். பயத்தை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் எவ்வளவுக்குப் பயப்படுகிறேனோ அவ்வளவுக்கு நல்ல வாப்பா என்று எனக்குள் ஒரு கணக்கு.

ரோட்டுப் பயம் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. உன் சாச்சாவை உனக்கு ஞாபகம் இருக்காது. என் தம்பி. நெல் வெட்டுக் காலத்தில், மஃரிபுக்குக் கிட்டிய இருட்டு நேரம், மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். முன்னால் ஒரு உழவு டிரெக்டர், அதன் பின்னால் இழுவைப் பெட்டி, பெட்டி நிறைய வைக்கோல். பெட்டிக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. டிரெக்டர் நின்றுவிட்டது இவனுக்குத் தெரியவில்லை. வைக்கோல்தானே, மெத்தை மாதிரி இருந்திருக்கும் என்று ஒரு மனிதர் அவனை அடக்கிய அன்று ஜனாஸா வீட்டில் வைத்து என்னிடம் சொன்னார். வைக்கோலுக்குள் இரும்புச் சட்டம் இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த வாகனத்தைக் கண்டாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மாப்பிள்ளைக் கார் வந்தாலும் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், நான் சுற்றிப் போய்ப் பிரேக் லைட்டைப் பார்ப்பேன்.

நீ அந்தக் கெப்பை வாங்கி ஆலைகளிலிருந்து கடைகளுக்கு அரிசி ஏற்றத் தொடங்கியபோது, எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு மூலையிலும் சின்ன விளக்குகள், மேல் மூடி வெயிலில் வெளுத்துப்போய், போட்டாலும் அணைத்தாலும் ஒரே நிறம். மாரி தொடங்கியதும் மூட்டைகள் நனையாமல் மேலே படங்குச் சீலை போட்டுக் கட்டினாய். படங்கின் தொங்கல் இரண்டு பக்கமும் இறங்கி அந்தச் சின்ன விளக்குகளையும் பாதி மறைத்தது. மழைக்குள் நீ தெருமுனை திரும்பிப் போகும்போது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது ஒரு கறுப்பு மூட்டை மட்டும்தான். வைக்கோல் பெட்டிதான் ஞாபகம் வந்தது. நீ திரும்பி வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. "அவன் என்ன யுத்தத்துக்கா போயிருக்கான்?" என்று உன் உம்மா ஏசுவாள்.

அப்போதுதான் கல்முனைக் கடையொன்றில் அந்த விளக்கைக் கண்டேன். பின்கதவுக்குக் கீழே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு பட்டி. ஓடும்போது மங்கல் சிவப்பு, பிரேக் அடித்தால் கடும் சிவப்பு, ரிவர்ஸ் போட்டால் வெள்ளை, சிக்னல் போட்டால் அந்தப் பக்கப் பாதி மட்டும் மினுங்கும். கடைக்காரத் தம்பி பொத்தானை அழுத்தி அழுத்திக் காட்டினான். நான் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டுவதற்கு ஆள் அனுப்பவா என்று கேட்டான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பஸார் முழுக்க ரேடியோவும் டீவியும் திருத்திக் கொடுத்த கை இது, நாலு வயர் இணைக்க எனக்கு ஆளா?

வெள்ளிக்கிழமை காலையில் நீ கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் வெளியே போயிருந்தாய். கெப் வீட்டு வளவுக்குள் நின்றது. நீ வருவதற்குள் பூட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மஞ்சள் வயர் இடது சிக்னலுக்கு, பச்சை வயர் வலதுக்கு. பாயை விரித்து வாகனத்துக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். விளக்குப் பட்டியின் வயர் ஒரு முனையிலிருந்துதான் வெளியே வந்தது. அது இடப் பக்க முனை. கெப்பின் பழைய விளக்குகளுக்குப் போகிற வயர்க் கட்டோ வலப் பக்கம் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், ஒரு முழம் போதவில்லை.

ஒரு முழ வயரை ஒட்டியிருக்கலாம். வீட்டில் வயர் இருந்தது, ஈயம் இருந்தது, அதை உருக்குகிற சூட்டுக்கோல் இருந்தது. ஆனால் ஒட்டுப் போட்ட வயரை எனக்கு ஒருநாளும் பிடிக்காது, அது உனக்கும் தெரியும். ஒட்டுக்குள் தண்ணீர் போகும், பச்சை பிடிக்கும், மழைக்குள் ஒருநாள் கைவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் எனக்கு ஒரு புத்தி வந்தது. பட்டிக்கு மேல் கீழ் என்று ஒன்றும் இல்லை, எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி. அதை அப்படியே சுற்றித் திருப்பிப் பிடித்தேன். வயர் வலப் பக்கம் வந்துவிட்டது, ஒட்டே இல்லாமல் எட்டிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடுக்கிவிட்டேன். வயர்களைக் காகிதத்தில் இருந்தபடியே இணைத்தேன், மஞ்சள் இடதுக்கு, பச்சை வலதுக்கு. வயர் சரி. பட்டியைத்தான் தலைமாற்றிப் பூட்டியிருந்தேன். பட்டியின் இடது பாதி உன் கெப்பின் வலப் பக்கத்தில் இருந்தது. இது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தேன். அங்கேதான் இரண்டாவது பிழை. சிக்னலைப் பார்க்க ஓர் ஆள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்க வேண்டும், ஓர் ஆள் பின்னால் நிற்க வேண்டும். உன் உம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிட்டால், "எவ்வளவு குடுத்து வாங்கின, ஏன் என்னட்டச் சொல்லல்ல" என்று தொடங்குவாள் என்று பயந்து கூப்பிடவில்லை. அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னது. கை முழுக்க கிறீஸ், இன்னும் குளிக்கவில்லை. நாலு மூலை சிக்னலும் சேர்ந்து மினுங்குகிற அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்னால் ஓடி வந்தேன். பட்டியின் இரண்டு பாதியும் மினுங்கின. எல்லாம் வேலை செய்கிறது என்று பொத்தானை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். இரண்டும் சேர்ந்து மினுங்கினால் எது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? கலியாணம் முடிக்கப் போகிற உனக்கு வாப்பாவிடமிருந்து ஒரு புத்திமதி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்: ஏச்சு விழும் என்று பயந்து மனைவியைக் கூப்பிடாமல் இருந்துவிடாதே. கூப்பிட்டு ஏச்சு வாங்கிக்கொள்.

நீ பகல் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தாய். "வாப்பா, கலியாண வீட்டு வாசல் மாதிரி இரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாய். பிரேக்கை அழுத்திவிட்டு என்னைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னாய். சிவப்பாக எரிந்தது. அந்த நேரத்தில் வலது சிக்னலையும் ஒருமுறை போடு மகனே என்று என் வாயில் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. பூட்டிய மிதப்பில் நின்றேன். அந்த ஒரு கிழமை ஏழு நாளும்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், நீ வெளியே போனாலும் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் கிழமை முழுக்க உன் கெப் வலப் பக்கம் திரும்பும்போது இடப் பக்கம் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தது. பழைய விளக்கு ஒருவேளை சரியாகச் சொல்லியிருக்கும். படங்குக்குக் கீழே அதை யார் கண்டார்கள்?

பிறகு அந்த மழைக் காலை. நீ காரைதீவு தாண்டி வந்து, வயல் பக்கம் போகிற பாதைக்கு வலப் பக்கம் திரும்ப வேண்டும். வலது சிக்னலைப் போட்டாய், வேகத்தைக் குறைத்தாய், எதிரில் வாகனம் இல்லை என்று பார்த்தாய். எல்லாம் ஒழுங்காகச் செய்தாய், மகனே, உன்னில் ஒரு குறை சொல்ல முடியாது. உனக்குப் பின்னால் யோகன் மோட்டார் சைக்கிளில் வந்தார், திருக்கோவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு. முன்னால் ஒரு பாரமேற்றிய வாகனம் மெதுவாகிறது, அதன் பின்னால் இடது சிக்னல் பளிச்சென்று மினுங்குகிறது. நம் ரோட்டில் அதற்கு என்ன அர்த்தம்? லொறிக்காரன் இடது சிக்னல் போட்டால், "முன்னால் பாதை காலி, நீ என்னைத் தாண்டிப் போ" என்று அர்த்தம். எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, பொத்துவில் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் போகிறோம். நீயும் எத்தனை பேருக்கு அப்படிப் போட்டு வழி விட்டிருப்பாய். யோகன் உன்னை நம்பி வலப் பக்கத்தால் தாண்டினார். நீ வலப் பக்கம் திரும்பினாய்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது நீ வாசலிலேயே நின்றாய். உனக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். யோகனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கால் கோணிப்போய்க் கிடந்தது. அந்த வேதனைக்குள்ளும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இடப் பக்கம்தான் போட்டவர். நான் கண்டனான். இடப் பக்கம்தான் மினுங்கினது."

உனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம், என் பிள்ளை அல்லவா. "வலப் பக்கம் போட்டுத்தான் திரும்பின நான். கண் பொட்டையா உனக்கு? கண்ண எங்க வெச்சிட்டு ஓடி வந்த?" என்று கத்தினாய். அவர் உன்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி வசந்தி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கெப்பைப் பின்னேரம் அசர் நேரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் போன பிறகு நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். யோகன் சொன்னது காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. திறப்பைச் செருகித் திருப்பி, வலது சிக்னலைத் தட்டிவிட்டு, இறங்கிப் பின்னால் நடந்தேன். படங்குக்குக் கீழே பழைய விளக்கு வலப் பக்கம் மங்கலாக மினுங்கியது. நான் பூட்டிய பட்டி இடப் பக்கம் மினுங்கியது. பளிச் பளிச் என்று, கண்ணைக் குத்துகிற மாதிரி. மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் உம்மா சன்னலால் பார்த்து, "என்ன, நெஞ்சு நோகுதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அந்த நேரமே உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த நாள் நீ யோகனைப் பார்க்க ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனாய் அல்லவா, அந்த நேரத்துக்குள் பட்டியைக் கழற்றித் திருப்பிச் சரியாகப் பூட்டினேன். ஒரு முழ வயரை ஒட்டினேன், ஈயம் வைத்து, டேப் சுற்றி, அழகாக. அன்றைக்கு ஒருமுறைக்கு நாலுமுறை சோதித்தேன். உன் உம்மாவையே கூப்பிட்டுப் பின்னால் நிற்க வைத்தேன். "வலம் எரியிது, இடம் எரியிது" என்று அவள் சொன்னாள். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், பிறகு பிழை யாருடையது என்று பேசித் தீர்க்கக் காரைதீவில் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். நம் பள்ளியிலிருந்து இரண்டு பேர், அவர்கள் கோயிலிலிருந்து இரண்டு பேர். ஒரு பக்கம் நம் ஆள், மறு பக்கம் தமிழ் ஆள் என்றால் நம் பெரியவர்களுக்குப் பயம் பிடித்துவிடும், இரண்டு தரப்புக்கும்தான். வாய்த் தகராறு ஊர்த் தகராறாகிவிடக் கூடாது என்று எப்படியாவது அன்றைக்கே முடித்துவிடத் துடித்தார்கள். அது நல்ல எண்ணம், அதில் குறை சொல்ல மாட்டேன். யோகனைக் காலில் பத்துப் போட்டபடி கதிரையில் இருத்தித் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அவர் மறுபடியும் இடப் பக்கம் என்றார். அப்போது யாரோ என்னைத் திரும்பிப் பார்த்து, மரியாதையாக அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீங்கதானே லைட்டுப் பூட்டின, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

நான் சொன்னேன்: "லைட்டு புதுசு. நானே பூட்டின. வேணுமெண்டா போட்டுப் பாருங்க."

ஒரு வார்த்தையும் பொய்யில்லை பார். மறுமையில் அல்லாஹ் என்னை அந்த மூன்று வசனத்துக்காகத்தான் முதலில் பிடிப்பான் என்று நினைக்கிறேன். எல்லாரும் எழுந்து கெப்புக்குப் பின்னால் போனார்கள். நீ உள்ளே ஏறி வலது சிக்னலைப் போட்டாய். பட்டியின் வலப் பக்கம் மினுங்கியது. இடதைப் போட்டாய், இடம் மினுங்கியது. கோயில்காரர் ஒருவர் தலையை ஆட்டி, "தம்பி யோகன், நீ மழைக்குள்ள சரியாக் காணல்ல போல" என்று பரிவாகச் சொன்னார். நான் லைட்டைப் பார்க்கவில்லை, யோகனின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் கையைத் தூக்கிக் கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார். "அப்ப நான்தான் பிழையாக் கண்டிட்டன் போல" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. எல்லாருக்கும் நெஸ்டமோல்ட் வந்தது. நானும் குடித்தேன்.

அதற்குப் பிறகு இத்தனை மாதம். வாசல் கேற் தட்டப்படும்போதெல்லாம் அவர்தான் என்று குசினிப் பக்கம் போய்விடுவேன். பாண்டிருப்பு ஆள் யாரையும் பஸாரில் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போய்விடுவேன். நோன்பு முப்பதும் தராவீஹ் தொழுகையில் நின்று பாவமன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் மட்டும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்று பயம். கூட்டத்தில் ஏமாற்றினேன் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு இரண்டு ஊருக்கும் இடையில் தீ வைக்கும் என்று பயம். பெண் வீட்டாரின் காதுக்குப் போய்க் கலியாணம் நின்றுவிடும் என்று பயம். சொல்லாமல் இருக்க எனக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

போன கிழமை கலியாணக் கார்டில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். உன் கூட்டாளி ஒருவன் பாண்டிருப்பு யோகனுக்கும் ஒரு கார்ட் குடுப்பமா என்று பகிடிக்குக் கேட்டான். நீ சொன்னாய்: "குடுத்தா வாசிக்க அவனுக்குக் கண் இரிக்கணுமே." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இன்னொருவன்தான் பிறகு சொன்னான், பகிடியாக இல்லை, கேள்விப்பட்டதைச் சொன்னான்: யோகனின் கால் சுகமாகிவிட்டதாம், ஆனால் அவர் இப்போது படகு ஓட்டுவதில்லையாம். கண் சரியில்லை என்று அவரே சொல்கிறாராம். அவருடைய படகில் நாலு பேர் போவார்கள். அலை உடைகிற இடம் பார்த்துப் படகைக் கரைக்குள் கொண்டுவருகிறவர் அவர். கண்ணில் நம்பிக்கை இல்லாதவர் நாலு உயிரை ஏற்றிக்கொண்டு எப்படி அலைக்குள் திருப்புவார்?

நேற்று அசருக்குப் பிறகு பஸ் ஏறிப் பாண்டிருப்புக்குப் போனேன். கைலேஞ்சியால் எத்தனை முறை கழுத்தைத் துடைத்தேன் என்று எனக்கே தெரியாது. சாய்ந்தமருதில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தும் விட்டேன். பஸ் நிறைய ஆட்கள், இறங்க வழி விடவில்லை. அவர் வீட்டு வாசலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையால் தடவித் தடவித்தான் கிழிசலைத் தேடினார். பகல் வெளிச்சத்தில், மகனே. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"வாங்க காக்கா. மகனுக்குக் கலியாணம் எண்டு கேள்விப்பட்டன்."

கார்ட் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பட்டியைச் சுற்றிப் பூட்டியது, நாலு சிக்னலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தது, பிறகு கழற்றி மாற்றியது, கூட்டத்தில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அப்ப, இடப் பக்கம்தானா காக்கா மினுங்கினது?"

"ஓம் தம்பி. இடப் பக்கம்தான்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் வீட்டுக்குள் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார். "வசந்தி! இஞ்ச வா. இந்தக் காக்கா சொல்றதக் கேளு. இடப் பக்கம்தானாம். நான் கண்டது சரியாம்!" அவள் ஓடி வந்தாள். அவளுக்கும் ஒருமுறை சொன்னேன். அவள்தான் அழுதாள், பிறகு என்னை ஏசினாள். கண் டாக்டர் இரண்டு முறை பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம், இவர் நம்பவில்லையாம். ராத்திரியில் எழும்பி இருந்து கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராம். "ஒரு மனிசன விசராக்கிட்டீங்களே, உங்களுக்குப் பிள்ள குட்டி இல்லையா?" என்று கேட்டாள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

யோகன் அவளை அமர்த்தினார். என்னிடம் கேட்டார், "மகனுக்குத் தெரியுமா?"

"தெரியா."

"சொல்லுங்க. சொல்லிப்போட்டு அவர ஒருக்கா இஞ்ச வரச் சொல்லுங்க. ஏசுறதுக்கில்ல காக்கா, சத்தியமா. அண்டைக்கு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் முன்னால கண் பொட்டை எண்டு சொன்னவர் அவர். நீங்க சொன்னது மனசுக்கு ஆறுதல்தான். ஆனா அந்தச் சொல்ல அவர்தான் திருப்பி எடுக்கணும். அவர் வந்து எடுத்தா, நான் படகுல ஏறுவன்."

எப்போது என்று கேட்டேன். கலியாணம் முடிஞ்சு ஆறுதலா வரட்டும் என்றார். அவருக்கு அவ்வளவு பெருந்தன்மை. எனக்குத்தான் அந்த ஆறுதலில் நம்பிக்கை இல்லை. நீ வரிப்பத்தான்சேனைக்குப் போவாய், புது வீடு, புது மாமா, விருந்து. இன்றைக்கில்லை நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். எப்படித் தள்ளிப்போடுவது என்று இத்தனை மாதம் இந்த வீட்டுக்குள் வைத்து உனக்குக் காட்டித் தந்தது நான்தான். உன்னை ஏதாவது வாகனம் வந்து மோதிவிடும் என்று இவ்வளவு காலம் பயந்தேன். இப்போது பயப்படுவது நீ என்னைப் போல் ஆகிவிடுவாயோ என்று.

இந்தக் கடிதத்தின் மேல் கெப்பின் திறப்பை வைத்திருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது நான் வெளியே, கெப்புக்குள், இடப் பக்கச் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். கைலேஞ்சியையும் எடுத்து வைத்திருப்பேன், அதைப் பார்த்துச் சிரிக்காதே. நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. வந்தால் ஏறி ஓட்டு. எனக்கு ஏச வேண்டியதையெல்லாம் வழியில் ஏசு. பாண்டிருப்பு வரைக்கும் நேரம் இருக்கிறது.

உன் வாப்பா